மடக்கித் திருப்பும் டச்ஸ்கிரீன் லேப்டாப் வாங்குவது எப்படி: பின்னால் மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

லேப்டாப் வாங்கக் கிளம்பும்போது முதலில் வரும் கேள்வி, "பிராசசர் என்ன?" என்பதுதான். சாதாரண லேப்டாப்புக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. 360 டிகிரி மடங்கும் சிறிய டச்ஸ்கிரீன் லேப்டாப்புக்கு அது கடைசிக்கு முந்தைய கேள்வியாக இருக்கட்டும். கீல், திரை, திரைக்குள் இருக்கும் பேனா உணரி, ரேம் இந்த நான்கும் வாங்கிய அன்று எப்படியோ, கழித்துப் போடும் நாள் வரை அப்படியேதான் இருக்கும். பிராசசரையும் மாற்ற முடியாதுதான். ஆனால் இணையம், எழுத்து, கணக்கு, வீடியோ அழைப்பு போன்ற அன்றாட வேலைகளுக்கு இன்றைய நடுத்தரப் பிராசசர் எதுவுமே தாங்கும்; அங்கே தவறு நேர்வது குறைவு. ஆட்டம் காணும் கீலையும் மங்கலான திரையையும் எந்தப் பிராசசராலும் ஈடுகட்ட முடியாது.

எதற்காக மடக்கப் போகிறீர்கள்?

இந்த வகை லேப்டாப்புக்கு நான்கு நிலைகள் உண்டு. சாதாரண லேப்டாப் நிலை ஒன்று. கீபோர்டு கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்க, திரை மட்டும் நம்மைப் பார்த்து நிற்கும் நிலை இரண்டாவது. கூடாரம் போலத் தலைகீழ் 'வி' வடிவில் நிறுத்துவது மூன்றாவது. முழுக்க மடக்கி டேப்லெட் போலப் பிடிப்பது நான்காவது. லெனோவோவின் யோகா 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்து இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ், கீபோர்டைத் தனியே கழற்றும் இன்னொரு வழியை எடுத்தது.

விளம்பரப் படங்களில் அதிகம் தெரிவது டேப்லெட் நிலை. நடைமுறையில் அதிகம் பயன்படுவது கூடார நிலையும் கவிழ்த்து நிறுத்தும் நிலையும்தான். சமையல் மேடையில் செய்முறை பார்க்க, படுக்கையில் படம் பார்க்க, இடம் குறுகிய மேசையில் பாடம் கேட்க இவை மிக வசதி. டேப்லெட் நிலைக்கு எடைதான் எதிரி. 13 அங்குலக் கருவி ஒன்று பெரும்பாலும் 1.1 முதல் 1.4 கிலோ வரை இருக்கும்; 14 அங்குலம் என்றால் 1.4 முதல் 1.6 கிலோ. ஒரு சாதாரண டேப்லெட் சுமார் அரை கிலோ. மடக்கிய லேப்டாப்பை ஒரு கையில் பிடித்து நின்றபடி ஐந்து நிமிடம் படித்தாலே மணிக்கட்டு சொல்லிவிடும். மடியிலோ மேசையிலோ வைத்துக் குறிப்பெழுதினால் அந்த எடை தொந்தரவே இல்லை.

ஆகவே ஒரு வாரம் உங்கள் வேலையைக் கவனியுங்கள். படுத்துக்கொண்டு நீண்ட நேரம் புத்தகம் படிப்பதுதான் முக்கிய ஆசை என்றால், சாதாரண லேப்டாப்பும் தனி டேப்லெட்டுமே நல்லது. கையால் குறிப்பெழுதுவது, பிடிஎஃப் தாள்களில் திருத்தம் போடுவது, எதிரே இருப்பவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவது, சின்ன இடத்தில் வேலை செய்வது என்றால் இந்த வகை உங்களுக்கானது. கீபோர்டு கழன்று வரும் வகையை எடுப்பதென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் பேட்டரி, போர்டு எல்லாம் திரைக்குப் பின்னால் இருப்பதால் தலைக்கனம் அதிகம். மேசையில் நன்றாக நிற்கும்; மடியில் வைத்துத் தட்டச்சு செய்தால் தள்ளாடும்.

அளவு

சிறிய லேப்டாப் என்றால் 11.6, 12, 13.3, 13.5, 14 அங்குலங்கள். இந்த எண் மூலைக்கு மூலை அளவு மட்டுமே; திரையின் வடிவத்தைச் சொல்லாது. 13.3 அங்குல 16:9 திரை சுமார் 29.4 செ.மீ. அகலமும் 16.6 செ.மீ. உயரமும் கொண்டது. 13.5 அங்குல 3:2 திரை சுமார் 28.5-க்கு 19 செ.மீ. அகலத்தில் ஒரு செ.மீ. குறைகிறது, உயரத்தில் இரண்டரை செ.மீ. கூடுகிறது. ஏ4 தாள் 29.7-க்கு 21 செ.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் 3:2 திரை ஏறக்குறைய ஒரு தாளைப் போலவே இருக்கும். 16:9 திரை பட்டை போல நீண்டு மெலிந்து நிற்கும். பேனாவால் எழுதப் போகிறவர்கள் 3:2 அல்லது 16:10 திரையையே எடுக்க வேண்டும். படம் பார்ப்பதே முக்கியம் என்றால் 16:9 குறையொன்றுமில்லை.

11.6 அங்குலத்தில் பெரும்பாலும் கீபோர்டும் சுருங்கிவிடும். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவு வரை சுமார் 19 மி.மீ. இருந்தால் முழு அளவுக் கீபோர்டு. அதைவிடக் குறைந்தால் விரல்கள் பக்கத்து விசையைத் தட்டும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு செய்பவர்கள் 13 அங்குலத்துக்குக் கீழே இறங்காமலிருப்பது நல்லது.

கீல்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 360 டிகிரி கீலில் இரண்டு இணை அச்சுகள் இருக்கும். ஒன்று 180 டிகிரி, இன்னொன்று 180 டிகிரி எனச் சுற்றி முழு வட்டம் முடிக்கும். அச்சைச் சுற்றி இறுகிய வளையங்கள் உராய்வைக் கொடுப்பதால்தான் திரை வைத்த இடத்தில் நிற்கிறது. கீலின் உலோகக் கை, அடிப்பாகத்தில் சின்னச் சின்ன திருகுகளால் முடுக்கப்பட்டிருக்கும். மலிவான உடல்களில் அந்தத் திருகுகள் பிடிப்பது பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளை நட்டுகளை.

பழுதாகும் விதம் பெரும்பாலும் ஒன்றேதான். காலப்போக்கில் கீலின் அச்சு இறுகுகிறது, அல்லது வாங்கும்போதே இறுக்கமாக இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுவிசை முழுவதும் பித்தளை நட்டுகளின் மேல் விழுகிறது. ஒருநாள் நட்டு பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கீலருகே மூலையில், உடலின் மேல்தட்டும் அடித்தட்டும் சேரும் கோட்டில், திறக்கும்போது மட்டும் ஒரு இடைவெளி வாய் பிளக்கும்; மூடினால் மறைந்துவிடும். அதைப் பார்த்த கணமே திறந்து மூடுவதை நிறுத்திப் பழுதுபார்க்கக் கொடுங்கள். அந்த நிலையில் சரிசெய்வது எளிது. விட்டுவிட்டால் திரைக்குப் போகும் கேபிள் நசுங்கும், கண்ணாடி விரிசல் விடும், செலவு பலமடங்காகும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை இவை. மூடிய லேப்டாப்பை மேசையில் வைத்து, மேல்விளிம்பின் நடுவில் ஒரே விரலால் திறந்து பாருங்கள். அடிப்பாகம் லேசாகத் தூக்குவது மடங்கும் வகையில் சகஜம். அதற்குக் கீலின் இறுக்கம் தேவைதான். ஆனால் இரு கையாலும் பலங்கொண்டு பிரிக்க வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். அடுத்து, திரையை சுமார் 110 டிகிரியில் நிறுத்தி, வலது மேல் மூலையை விரலால் தட்டுங்கள், தொடுதிரையில் எதையோ அழுத்துவது போல. ஒரு நொடிக்குள் ஆட்டம் அடங்க வேண்டும். ஸ்பிரிங் போல ஆடிக்கொண்டே இருந்தால் அந்த டச்ஸ்கிரீனை நீங்கள் பயன்படுத்த மாட்டீர்கள். கை தானாக டச்பேடுக்குப் போய்விடும். பிறகு மெதுவாக முழு வட்டமும் சுற்றுங்கள். பாதி வழியில் கரகரப்போ சத்தமோ தட்டுப்படக் கூடாது. முழுதாக மடக்கியபின் இரு பாதிகளும் விளிம்பில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் ஒரு கீல் சற்று வளைந்திருக்கிறது என்று பொருள்.

அடிப்பாகம் அலுமினியமோ மெக்னீசியமோ ஆனால் நிம்மதி. பிளாஸ்டிக் என்றால் கீலருகே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், நெளியக் கூடாது.

கீல் தவிர இன்னொரு சின்ன விஷயம்: திரை பின்னால் போனதும் கீபோர்டு தானாக அணைய வேண்டும். இதைச் செய்வது உள்ளே இருக்கும் உணரிகள். சில கருவிகளில் காந்தத்தை உணரும் உணரி இருக்கும். மொபைலின் காந்தக் கவரை ஓரத்தில் வைத்தாலோ இன்னொரு லேப்டாப்பின் மேல் அடுக்கினாலோ மூடிவிட்டதாக நினைத்துத் திரை அணைந்துவிடும். கருவி கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் பலர். காந்தத்தை நகர்த்தினால் சரியாகிவிடும்.

திரை

தொடுதிரை என்றால் பெரும்பாலும் பளபளக்கும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சமும் மேல்விளக்கும் அதில் கண்ணாடி போலத் தெரியும். எனவே பிரகாசத்தில் சமரசம் செய்யாதீர்கள். நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 250 நிட்ஸ் என்றால் இரவு அறைக்கு மட்டும் சரி. 300 குறைந்தபட்சம். 400 இருந்தால் ஜன்னலோரம் உட்காரலாம். மலிவான மாடல்களின் விவரத்தாளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருக்கும்; திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல் அது. 45 சதவீதம் என்றால் நிறங்கள் வெளிறிப்போன திரை. எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அளவுகோலில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம்தான். புகைப்படமும் துணியின் நிறமும் பார்க்க அது போதாது. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றிருப்பதைத் தேடுங்கள்.

ஐபிஎஸ் வகைத் திரை எந்தக் கோணத்திலும் சீராகத் தெரியும். டிஎன் வகை, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கவிழ்ந்துவிடும். மடக்கித் திருப்பும் கருவிக்கு அது அறவே கூடாது. ஓஎல்இடி கறுப்பை உண்மையான கறுப்பாகக் காட்டும், படம் பார்க்க அற்புதம். ஆனால் பல ஓஎல்இடி திரைகள் பிரகாசத்தைக் குறைக்கும்போது வேகமாக மினுக்கியே குறைக்கின்றன. சிலருக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் வரும். ஒரே டாஸ்க்பார் பல ஆண்டுகள் அதே இடத்தில் நின்றால் தடம் பதியும் அபாயமும் உண்டு. நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தில் எழுதுபவருக்கு நல்ல ஐபிஎஸ் போதும். அதுவே பேட்டரிக்கும் நல்லது.

தமிழில் படிப்பவர்கள் தெளிவுத்திறனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 14 அங்குலத்தில் 1366×768 என்றால் ஒரு அங்குலத்துக்கு 112 புள்ளிகள்தான். 'ணு', 'றூ' போன்ற எழுத்துகளில் உள்வளைவுகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். 14 அங்குலத்தில் 1920×1200 என்றால் சுமார் 162 புள்ளிகள். இதற்குக் கீழே போக வேண்டாம். 11.6 அங்குலத்தில் 1366×768 இருந்தால் 135 புள்ளிகள். குழந்தைகளின் படிப்புக்குச் சமாளிக்கலாம். 14 அங்குலத்தில் 4கே தேவையில்லை. கண்ணுக்கு வித்தியாசம் மிகக் குறைவு, பேட்டரிக்கு வித்தியாசம் அதிகம்.

பேனா: விவரத்தாளின் வலை

டச்ஸ்கிரீன் இருந்தால் பேனாவும் வேலை செய்யும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். ரப்பர் நுனி பேனா எந்தத் தொடுதிரையிலும் கோடு போடும், ஏனென்றால் திரைக்கு அது ஒரு தடித்த விரல்தான். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்டால் அதுவும் கோடாகும். கையெழுத்துக்கு வேண்டியது ஆக்டிவ் பேனா. அதை உணரும் அமைப்பு திரையிலேயே இருக்க வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது.

விண்டோஸ் கருவியில் இதை அரை நிமிடத்தில் உறுதி செய்யலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் பக்கத்துக்குப் போங்கள். 'பென் அண்ட் டச்' என்ற வரியில் பென், டச் இரண்டுக்கும் சப்போர்ட் உண்டு என்றிருந்தால் ஆக்டிவ் பேனா வேலை செய்யும். டச் சப்போர்ட் மட்டும் 10 புள்ளிகளுக்கு என்றிருந்தால் விரல் மட்டும்தான். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இந்த வரியை நம்புங்கள்.

ஆக்டிவ் பேனாவிலும் நான்கு மொழிகள் உண்டு. ஒன்றின் பேனா இன்னொன்றின் திரையில் எழுதாது. பேனாத் தொழில்நுட்பம் தரும் வாக்கோம் நிறுவனத்தின் இஎம்ஆர் பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம், திரையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். சாம்சங்கின் கேலக்ஸி புக் 360 வரிசையில் வரும் எஸ் பென் இந்த வகை. வாக்கோம் ஏஇஎஸ் இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் எம்பிபி மூன்றாவது, சர்ஃபேஸும் எச்பியின் எக்ஸ்360 வரிசையில் பலவும் இதைப் பேசும். யுஎஸ்ஐ என்பது குரோம்புக்குகளில் அதிகம் காணப்படுவது. ஏஇஎஸ், எம்பிபி பேனாக்களுக்கு பேட்டரி வேண்டும். பழையவை ஏஏஏஏ என்ற மெல்லிய பேட்டரி கேட்கும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. யுஎஸ்பி-சி-யில் சார்ஜ் ஆகும் பேனாவே தொல்லையில்லாதது. ஏஇஎஸ், எம்பிபி இரண்டையும் பேசும் வாக்கோம் பாம்பூ இங்க் போன்ற பேனாக்களும் உண்டு.

தரத்தைச் சோதிக்க ஒரு பழைய முறை: பெயின்ட் மாதிரி ஒரு செயலியைத் திறந்து, ஒரு ஸ்கேலைத் திரையில் வைத்து, பேனாவை மிக மெதுவாகச் சாய்கோடாக இழுங்கள். பத்து நொடியில் பத்து செ.மீ. என்ற வேகம். நல்ல உணரியில் கோடு நேராக வரும். தரம் குறைந்ததில், ஸ்கேல் நேராக இருந்தும், கோடு சின்னச் சின்ன அலைகளாக நெளியும். உணரியின் கம்பிகள் கட்டம் கட்டமாக ஓடுவதால், பேனா இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கும்போது இடத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகப்பிழைதான் அலை. வேகமாக எழுதும்போது இது தெரியாது. குறிப்பெழுத மட்டும் என்றால் சிறிய அலையைப் பொறுக்கலாம். படம் வரைபவர்கள் பொறுக்கக் கூடாது, அவர்களுக்கு இஎம்ஆர்தான் என் பரிந்துரை.

அடுத்து உள்ளங்கையை முழுவதும் திரையில் வைத்தபடி இரண்டு வரி எழுதுங்கள். எங்கும் கறை விழக் கூடாது, பக்கம் நகரக் கூடாது. 4096 அழுத்த நிலைகள் என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். மெல்ல வைத்தவுடனே மை விழத் தொடங்குகிறதா என்பதே முக்கியம்.

பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா, கருவிக்குள் செருகுமா, காந்தத்தில் ஒட்டுமா என்றும் கேளுங்கள். ஒட்டும் பேனா பைக்குள் கழன்று விழும். செருகும் பேனா தொலையாது, ஆனால் மெல்லியது. அரை மணி நேரம் எழுதினால் விரல் வலிக்கும்.

ரேம், சேமிப்பு, பிராசசர்

மெல்லிய மடங்கும் லேப்டாப்புகளில் ரேம் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. பின்னால் கூட்டலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி எடுங்கள். 8 ஜிபி இன்றைக்கு ஓடும். பத்துப் பதினைந்து டேப், ஒரு வீடியோ அழைப்பு என்று வந்தால் திணறும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவுவதற்கான அளவு. வேலை செய்வதற்கான அளவு வேறு.

சேமிப்பில் இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் விலகுங்கள். அது மெமரி கார்டின் உறவினர், வேகம் குறைவு, போர்டோடு ஒட்டியது. 64 ஜிபி இஎம்எம்சி கருவிகளில் ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தாலே இடமில்லை என்று நிற்கும். வேண்டியது என்விஎம்இ எஸ்எஸ்டி, 256 ஜிபியாவது. 512 என்றால் கவலையில்லை. பல மாடல்களில் எஸ்எஸ்டியை மட்டும் மாற்ற முடியும் என்பதால் இதில் கொஞ்சம் சிக்கனம் காட்டலாம், ரேமில் காட்டக் கூடாது.

பிராசசரில் பெயர்தான் குழப்பும். இன்டெல் என்100 (2023-இல் வந்தது) நான்கு சிக்கனக் கோர்கள் கொண்டது. இணையம், வீடியோ, ஆவணம் இவற்றுக்கு ஓடும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசசர்கள் இப்போது எந்த விலைக்கும் வேண்டாம். கோர் ஐ5-இல் கடைசியில் 'யு' என்று முடியும் வகை இந்த உடலுக்குப் பொருத்தம். 'எச்' வகை சூட்டைக் கிளப்பும். ஏஎம்டியில் ரைசன் 7000 வரிசை என்றால் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 7520யு-வில் அது 2, அதாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 7530யு-வில் 3, 7540யு-வில் 4. பத்து எண் தள்ளியிருப்பது போலத் தோன்றும் இரண்டு பிராசசர்களுக்கு நடுவே ஒரு தலைமுறை வித்தியாசம் இருக்கிறது. ஆர்ம் என்ற வேறு வகைப் பிராசசரான ஸ்னாப்டிராகன் எக்ஸ் உள்ள கருவிகள் சத்தமில்லாமல் நீண்ட நேரம் ஓடும். ஆனால் பழைய பிரிண்டர், ஸ்கேனர் போன்ற தனி டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கேட்கும் எதையாவது இணைக்கப் போகிறீர்கள் என்றால், அவற்றுக்கு ஆர்ம் டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

விசிறி இல்லாத மாடல் சத்தம் போடாது. நீண்ட வேலையில் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ளதில் காற்றுத் துளை எங்கே என்று பாருங்கள். அடியில் மட்டும் துளை இருந்தால், மடக்கி மெத்தையில் வைக்கும்போது மூச்சடைக்கும்.

பேட்டரி

நிறுவனம் சொல்லும் மணிக்கணக்கைப் படிக்காமல், பேட்டரி எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்று சொல்லும் வாட் அவர் எண்ணைப் படியுங்கள். எழுதுவது, படிப்பது என்ற மெல்லிய வேலைக்கு, நடுத்தர வெளிச்சத்தில் 5 முதல் 8 வாட் போகும். வீடியோ அழைப்பில் 10 முதல் 15 வாட். 38 வாட் அவர் பேட்டரியை 7 வாட்டால் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். 50 என்றால் ஏழு. நாள் முழுக்க வெளியே வைத்துக்கொள்ள 50-க்குக் குறையாமல் எடுங்கள்.

யுஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது. அதில் சார்ஜ் ஏறுமா, வெளித்திரை இணைக்க முடியுமா என்பவை தனித்தனி விஷயங்கள். இவற்றையெல்லாம் செய்யும் துளை இரண்டு இருந்தால், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என இருந்தால், மிகச் சிறப்பு. இந்த அளவு லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் பவர் டெலிவரி சார்ஜர் வேண்டும். 20 வாட் மொபைல் சார்ஜர் மிக மெதுவாக ஏற்றும், அல்லது ஏற்கவே மறுக்கும்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் தொடுதிரை தானாகத் துள்ளினால், திரை கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தரமற்ற அல்லது எர்த் இல்லாத சார்ஜரின் மின் இரைச்சல் திரையின் உணரியைக் குழப்புகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் சரியானால் குற்றவாளி சார்ஜர்தான்.

விண்டோஸா, குரோம்புக்கா?

எல்லா வேலையும் பிரவுசரிலேயே முடிகிறவருக்குக் குரோம்புக் குறைந்த வன்பொருளிலும் சுறுசுறுப்பாக ஓடும், ஆண்ட்ராய்டு செயலிகளும் தொடுதிரையில் இயல்பாக இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: 2021 முதல் வந்த தளங்களுக்கு (மாடலின் அடிப்படை வன்பொருளைத்தான் தளம் என்கிறார்கள்) கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருகிறது, ஆனால் அந்தப் பத்து ஆண்டு எண்ணப்படுவது அந்தத் தளம் வெளியான நாளிலிருந்து. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைத்தால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். அப்டேட் முடியும் தேதி செட்டிங்ஸில் அபவுட் குரோம்ஓஎஸ் பகுதியிலேயே இருக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பயன்படுத்தியதை வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறும் கருவியைத்தான் வாங்க வேண்டும். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் தேவை. சில மலிவுக் கருவிகள் எஸ் மோடில் வரும், அதில் ஸ்டோரிலிருந்து மட்டுமே செயலி போடலாம். அதிலிருந்து வெளியே வருவது இலவசம், ஆனால் திரும்பிப் போக முடியாது.

பணம் கொடுக்கும் முன் 20 நிமிடம்

மாடலின் முழு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் 250 நிட்ஸ் திரையும் 400 நிட்ஸ் திரையும் விற்கப்படும். நீங்கள் படித்த விமர்சனம் இன்னொரு வடிவத்துடையதாக இருக்கலாம். அடிப்பாகத்தில் ஒட்டிய சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தட்டினால் உண்மை விவரமும் வாரண்டி தொடங்கிய நாளும் தெரியும்.

பெயின்டைத் திறந்து, விரலால் திரையின் மேலிருந்து கீழ்வரை உழுவது போல நெருக்கமாகக் கோடு போடுங்கள். எங்காவது கோடு அறுந்தால் அங்கே உணர்வு இல்லை. ஓரங்களை விடாமல் பாருங்கள். பழுது அங்கேதான் தொடங்கும். முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக வைத்து செத்த புள்ளிகளைத் தேடுங்கள். கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மடக்குங்கள். கீபோர்டு அணைகிறதா? திரை சுழல்கிறதா? விண்டோஸ் 11-இல் டேப்லெட் நிலைக்குக் கையால் மாற்றும் பொத்தான் இல்லை; மடக்கினால்தான் மாறும், ஆகவே உணரி வேலை செய்தே ஆக வேண்டும். ரொட்டேஷன் லாக் லேப்டாப் நிலையில் மங்கலாகத் தெரிவது பல கருவிகளில் இயல்பு, அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். மடக்கிப் பிடிக்கும்போது பவர் பட்டனில் விரல் படுகிறதா, ஒலிபெருக்கியைக் கை மூடுகிறதா என்பதையும் பாருங்கள். வைஃபை, கேமரா, மைக், எல்லாத் துளைகளும் ஒருமுறை.

பயன்படுத்தியது என்றால் கமாண்ட் பிராம்ப்ட் வழியாக பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 50,000 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 35,000 என்றிருந்தால் 70 சதவீதம்தான் மிச்சம். பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

சாதாரண வாரண்டியில் உடைந்த கண்ணாடி சேராது. தொடுதிரையில் கண்ணாடியும் பேனலும் பசையால் ஒட்டி ஒன்றாகவே இருப்பதால், ஒரு விரிசலுக்கும் முழுத்திரையையே மாற்ற வேண்டியிருக்கும். விபத்துச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பு எடுப்பது வேறெந்த லேப்டாப்பைவிடவும் இந்த வகைக்கே அர்த்தமுள்ளது.

முதல் வாரத்தில்

அப்டேட் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். கருவியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டையும் சேர்த்து. அதற்கு முன் ஒரு வேலை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் விண்டோஸ் 11 பல கருவிகளில் வட்டைத் தானாகவே பூட்டிவிடும். பயாஸ் மாறினால் பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு மீட்பு எண் கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண் உங்கள் கணக்குப் பக்கத்தில் இருக்கும். தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

பெரும்பாலும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்பவர், தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைக்கலாம். முழுச் சார்ஜிலேயே நாள்கணக்கில் சூடாக இருப்பதுதான் பேட்டரியை வீங்க வைக்கிறது. வீங்கினால் முதலில் டச்பேட் கிளிக் ஆகாமல் மேலே எழும்பும். அப்படித் தெரிந்தால் அன்றே அணைத்துவிட்டு மாற்றக் கொடுங்கள். அழுத்திச் சமன் செய்ய முயலாதீர்கள்.

மூடியதும் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி அமைத்துவிடுங்கள், அல்லது ஒரு மணி நேர ஸ்லீப்புக்குப் பின் ஹைபர்னேட். புதிய கருவிகள் ஸ்லீப்பிலும் பின்னணியில் விழித்து வேலை செய்யும். பைக்குள் இருக்கும்போது சூடேறி, எடுத்தால் பேட்டரி காலியாக இருக்கும்.

திறக்கும்போது மேல்விளிம்பின் நடுவைப் பிடியுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் இழுவிசை முழுவதும் ஒரே கீலுக்குப் போகும். மடக்கி மேசையில் வைக்கும்போது கீபோர்டுதான் மேசையைத் தொடும். எனவே மேசையைத் துடைத்துவிட்டு வையுங்கள். ஒரு மணல் துகள் விசைகளுக்கு நடுவே தங்கிவிட்டால், அடுத்து மூடும்போது கண்ணாடியின் மேல் அழுந்தும். துடைக்க மைக்ரோஃபைபர் துணியில் சில துளி தண்ணீர் போதும். திரவத்தைத் துணியில் விடுங்கள். திரையில் நேராகத் தெளித்தால் கீழ் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கிவிடும்.